ஓய்வெடுக்கக் கற்ற வரலாறு

1936ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாரிஸ் நகரின் இரயில் நிலையங்களில் அதுவரை காணாத ஒரு கூட்டம் திரண்டது. ஆலைத் தொழிலாளர், கடைச் சிப்பந்திகள், தட்டெழுத்தாளர் எனப் பலரும் மூட்டை முடிச்சுகளுடனும் குழந்தை குட்டிகளுடனும் வண்டிக்குக் காத்திருந்தனர். இருவர் ஏறி மிதிக்கும் சைக்கிள்களில் கூடாரத் துணியைக் கட்டிக்கொண்டு சாலை வழியே புறப்பட்டவர்களும் உண்டு. கடலைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த பலர் அந்தக் கோடையில்தான் முதன் முதலாக அதன் கரையில் நின்றனர். வேலைக்குப் போகாத அந்த இரண்டு வாரங்களுக்கும் அவர்களுக்குக் கூலி உண்டு; திரும்பி வந்தால் வேலையும் காத்திருக்கும். பிரெஞ்சு நாட்டுச் சட்டம் அவ்வாறு உறுதி அளித்திருந்தது.

சரியாக 80 ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே நாடு ஓய்வைப் பற்றி மற்றொரு சட்டம் இயற்றியது. இம்முறை அது விடுமுறை நாட்களைக் கூட்டவில்லை. வேலை நேரம் முடிந்தவரையும் விடுமுறையில் சென்றவரையும் அலுவலகம் மின்னஞ்சலாலும் செல்பேசியாலும் பின்தொடர்வதற்கு எல்லை வகுக்கச் சொன்னது.

முதற் சட்டம் தொழிலாளியின் உடலை ஆலைக்கு வெளியே கொண்டு வந்தது. அப்படியானால் இரண்டாவது சட்டத்திற்கு என்ன தேவை வந்தது? வேலையிடத்தை விட்டு வந்த மனிதன் வேலையை விட்டு வந்துவிட்டானா? இக்கேள்விக்கு விடை காண, களைப்பு என்பதை மனிதன் எப்போது அளக்கத் தொடங்கினான் என்பதிலிருந்து பார்க்க வேண்டும்.

களைப்பை அளந்த கருவி

இத்தாலியின் தூரின் நகரப் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக இருந்தவர் ஆஞ்சலோ மோசோ. களைப்பு என்பது வெறும் உணர்வு அன்று, அளந்து பார்க்கக் கூடிய ஓர் உடல் நிகழ்ச்சி என்று அவர் கருதினார். அதற்காக அவர் அமைத்த கருவிக்கு எர்கோகிராஃப் என்று பெயர். உழைப்பை வரைந்து காட்டும் கருவி என்பது அதன் பொருள்.

அதன் அமைப்பு எளியது. சோதனைக்கு உட்படுபவரின் முன்கை ஒரு பலகையில் அசையாமல் பிணைக்கப்படும். ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் இரு குழாய்களுக்குள் அடங்கியிருக்கும். நடுவிரல் மட்டுமே மடங்கும். அவ்விரலில் கட்டிய கயிறு ஒரு கப்பியின் மேல் சென்று மூன்று அல்லது நான்கு கிலோ எடையைத் தாங்கும். இரண்டு வினாடிக்கு ஒரு முறை தாளக் கருவி ஒலிக்க, அவர் விரலை மடக்கி எடையைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எடை எவ்வளவு உயரம் எழுந்தது என்பதைப் புகை படிந்த தாள் சுற்றிய உருளையில் ஒரு முள் கீறிக் காட்டும். முதலில் உயரமாக எழும் கோடுகள் படிப்படியாகக் குறுகும். இறுதியில் விரல் எடையை அசைக்கவும் இயலாமல் நின்றுவிடும்.

மோசோவின் உடனுழைப்பாளர் மாஜோரா இக்கருவியால் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டறிந்தார். 30 முறை தூக்கி முற்றிலும் ஓய்ந்துபோன விரல் பழைய வலிமையைப் பெற இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதே விரல் 15 முறையோடு நிறுத்திக்கொண்டால் அரை மணி நேரமே போதுமானதாக இருந்தது. உழைப்பு பாதியாகக் குறைந்தபோது தேவையான ஓய்வு கால்பங்காகக் குறைந்தது. களைத்த பின் செய்யும் வேலைதான் உடலை மிகுதியாக வாட்டுகிறது என்பது இதனால் புலனாயிற்று.

மற்றொரு சோதனை இன்னும் வியப்பானது. மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்தி முடித்த பின் மாஜோரா தம் விரலைக் கருவியில் வைத்தார். அன்று அவர் எடை எதையும் தூக்கியிருக்கவில்லை. உட்கார்ந்து கேள்விகள் கேட்டதோடு சரி. ஆயினும் விரலின் வலிமை வெகுவாகக் குறைந்திருந்தது. மூளை உழைத்தது, விரல் களைத்தது. 1891இல் வெளிவந்த ‘களைப்பு’ என்னும் தம் நூலில் மோசோ இவற்றையெல்லாம் விவரித்தார். மனத்தின் உழைப்பும் உடலின் உழைப்பும் தனித்தனிக் கணக்குகள் அல்ல என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

வெடிகுண்டு ஆலைகளின் பாடம்

ஆய்வுக்கூடத்தில் ஒரு விரலுக்குப் பொருந்தியது ஆயிரக்கணக்கானோர் உழைக்கும் ஆலைக்கும் பொருந்துமா? முதல் உலகப் போர் இதற்கு விடை தந்தது. போர்முனைக்குக் குண்டுகள் போதவில்லை என்பதால் பிரிட்டனின் ஆயுத ஆலைகளில் ஆண்களும் பெண்களும் ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் நாள்தோறும் 12 மணி நேரம் வரை வேலை செய்தனர். ஆனால் நேரம் கூடிய அளவுக்கு உற்பத்தி கூடவில்லை. காரணம் அறிய 1915இல் ஆயுதத் தொழிலாளர் உடல்நலக் குழு ஒன்றை அரசு அமைத்தது.

குழு முதலில் எடுத்துக்கொண்டது ஞாயிற்றுக்கிழமை வேலையைத்தான். ஏழு நாள் வேலை வாங்கினாலும் ஆறு நாளுக்குரிய பொருளே வெளிவருகிறது என்று மேற்பார்வையாளர் கூறியதை அது பதிவு செய்தது. குழுவின் சார்பில் வெர்னன் என்னும் உடலியல் அறிஞர் ஆலை ஆலையாகச் சென்று, ஒவ்வொரு வாரமும் எத்தனை மணி நேரம் வேலை நடந்தது, எத்தனை பொருள்கள் செய்யப்பட்டன என்று கணக்கெடுத்தார்.

ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 2014இல், ஜான் பென்கவெல் என்னும் பொருளியல் அறிஞர் அந்தப் பழைய கணக்குகளைப் புதிய புள்ளியியல் முறைகளால் ஆராய்ந்தார். வாரத்திற்குச் சுமார் 49 மணி நேரம் வரை வேலை நேரத்திற்கு ஏற்ப உற்பத்தி உயர்ந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு மணியின் பயனும் சுருங்கிக்கொண்டே போயிற்று. 70 மணி நேரம் வேலை செய்த வாரத்தின் உற்பத்தி 56 மணி நேரம் வேலை செய்த வாரத்தின் உற்பத்தியிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. வார ஓய்வு நாள் இல்லாமற்போனதும் உற்பத்தியைக் குறைத்தது. 14 மணி நேர உழைப்பு ஏறக்குறைய வீணாயிற்று என்று பொருள். மாஜோராவின் விரல் சொன்னதையே ஆயுத ஆலையும் சொன்னது.

1936ஆம் ஆண்டுக் கோடை

ஆனால் அறிவியல் உண்மைகள் தாமாகவே சட்டங்களாகிவிடுவதில்லை. அரசு அதிகாரிகளுக்கும் பெரிய நிறுவனங்களின் அலுவலர்களுக்கும் சம்பளத்துடன் விடுப்பு இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கோ ஓய்வு என்றால் கூலி இழப்பு. ஆலை ஒரு வாரம் மூடப்பட்டால் அந்த வாரம் அடுப்பு எரிவதே கடினம். அத்தகைய ஓய்வை எவர் விரும்புவார்? சில நாடுகள் 1920களிலேயே தொழிலாளருக்குக் கூலியுடன் விடுப்பு வழங்கத் தொடங்கிவிட்டன. பிரான்சு பின்தங்கியிருந்தது.

1936 மே மாதத் தேர்தலில் அங்கு மக்கள் முன்னணி என்னும் கட்சிக் கூட்டணி வென்றது. புதிய அரசு பதவி ஏற்கும் முன்பே தொழிலாளர் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலை நிறுத்தம் செய்யத் தொடங்கினர். வேலை நிறுத்தத்தில் இறங்கியோர் தொகை ஏறத்தாழ 20 இலட்சத்தை எட்டியது. ஜூன் 4இல் லெயோன் ப்ளூம் பிரதமரானார். ஜூன் 7இல் முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கமும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஜூன் 20இல் விடுப்புச் சட்டம் நிறைவேறியது. ஓராண்டு வேலை செய்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்குப் 15 நாள் கூலியுடன் விடுப்பு. அதில் 12 நாட்கள் வேலை நாட்கள். மறுநாள் வாரத்திற்கு 40 மணி நேர வேலை என்னும் சட்டமும் வந்தது.

விடுப்பு கிடைத்துவிட்டது. அதை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கலாயிற்று. தந்தையும் பாட்டனும் விடுமுறை என்பதையே அறியாதிருந்த குடும்பங்களுக்கு அது முற்றிலும் புதிய அனுபவம். பலர் வீட்டிலேயே இருந்தனர். பலர் கிராமத்து உறவினரிடம் சென்றனர். ஓய்வைப் பயன்படுத்தவும் பயிற்சி தேவை என்பதை உணர்ந்த ப்ளூம், விளையாட்டுக்கும் ஓய்வு நேர ஏற்பாட்டிற்கும் தனியாக ஒரு துணை அமைச்சரை நியமித்திருந்தார். லெயோ லக்ரான்ஷ் என்னும் அந்த இளைஞர் இரயில் நிறுவனங்களுடன் பேசி, தொழிலாளர் குடும்பங்களுக்கு 40 விழுக்காடு கட்டணச் சலுகை பெற்றுத் தந்தார். அந்த முதற் கோடையிலேயே சுமார் ஆறு இலட்சம் பேர் சலுகைச் சீட்டில் பயணம் செய்தனர். இளைஞர் விடுதிகளுக்கும் அவர் ஊக்கமளித்தார்.

எதிர்ப்பாளர் சும்மா இருக்கவில்லை. லக்ரான்ஷின் துறையைச் சோம்பேறித்தன அமைச்சகம் என்று எள்ளி நகையாடினர். அதுவரை தங்களுக்கே உரியவையாக இருந்த கடற்கரைகளில் தொழிலாளர் வந்து அமர்வதைச் செல்வர் சிலர் முகம் சுளித்துப் பார்த்தனர். லக்ரான்ஷ் தம் திட்டங்களின் முழுப் பயனைக் காண வாழவில்லை. போர் வந்தபோது படையில் சேர்ந்து, 1940 ஜூன் மாதம் களத்தில் மாண்டார். ஆனால் விடுப்பு நிலைத்தது. 1956இல் அது மூன்று வாரமாயிற்று, 1969இல் நான்கு, 1982இல் ஐந்து.

விற்க முடியாத உரிமை

பிரெஞ்சுச் சட்டம் நிறைவேறிய அதே வாரத்தில், ஜூன் 24இல், ஜெனிவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு கூலியுடன் கூடிய ஆண்டு விடுப்பு பற்றி ஓர் உடன்படிக்கையை ஏற்றது. ஆண்டுக்குக் குறைந்தது ஆறு வேலை நாட்கள் விடுப்பு என்பது அதன் அளவு. 1970இல் ஏற்கப்பட்ட திருத்திய உடன்படிக்கை இதை மூன்று வாரமாக உயர்த்தியது.

நாட்களின் எண்ணிக்கையைவிட அதில் இருந்த வேறொரு விதி சிந்தனைக்குரியது. தொழிலாளி தன் விடுப்பை விட்டுக்கொடுப்பதாக எந்த ஒப்பந்தம் செய்துகொண்டாலும் அது செல்லாது என்றது அவ்விதி. விடுப்பின்போது வேறிடத்தில் கூலி வேலைக்குப் போனால் விடுப்புக் கூலியை இழக்க நேரலாம் என்றும் உடன்படிக்கை கூறியது. இது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் அதன் கருத்துத் தெளிவானது. விடுப்பு என்பது கூலியின் மறுபெயராகிவிடக் கூடாது. வறுமை காரணமாக ஒருவர் தம் ஓய்வை விற்றுவிடக் கூடாது.

இந்தியாவிலும் கூலியுடன் கூடிய விடுப்பு 1945இல் தொழிற்சாலைச் சட்டத்தில் இடம் பெற்றது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரிவாக்கி, ஓராண்டு வேலை செய்த தொழிலாளிக்கு 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் விடுப்பு வழங்கியது.

1936ஆம் ஆண்டுக் கோடை அறிவியல் வரலாற்றிலும் ஓர் எல்லைக்கல். பிரெஞ்சுச் சட்டம் நிறைவேறி இரண்டு வாரங்களில், ஜூலை 4ஆம் நாளிட்ட ‘நேச்சர்’ இதழில் ஹான்ஸ் செல்யே என்னும் இளம் விஞ்ஞானி ஒரு சிறு கடிதம் வெளியிட்டார். கனடாவின் மான்ட்ரியல் நகரில் எலிகளை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், குளிர், காயம், அளவு மீறிய உழைப்பு, நச்சுப் பொருள் என எந்தத் தாக்குதலுக்கு உள்ளானாலும் எலிகளின் உடலில் ஒரே வகை மாறுதல்கள் நேர்வதைக் கண்டார். அட்ரினல் சுரப்பிகள் பெருத்தன. தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் தோன்றியது. உடல் முதலில் எச்சரிக்கை அடைகிறது, பின்னர் எதிர்த்து நிற்கிறது, தாக்குதல் ஓயாவிட்டால் இறுதியில் தளர்ந்து வீழ்கிறது என்று அவர் விளக்கினார். இன்று யாவரும் சொல்லும் ‘ஸ்ட்ரெஸ்’ என்னும் அழுத்தத்தின் அறிவியல் இங்கிருந்துதான் வளர்ந்தது.

கைக்குள் வந்த அலுவலகம்

1936இல் விடுமுறை சென்ற தொழிலாளிக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. அது தூரம். கடைசல் இயந்திரத்தைக் கடற்கரைக்குத் தூக்கிச் செல்ல இயலாது. ஆலைக் கதவு மூடியதும் வேலையும் மூடியது. கணக்கரின் பேரேடும் அதிகாரியின் கோப்புகளும் அலுவலக மேசையிலேயே கிடந்தன. மிக அவசரமானால் தந்தி வரும், அவ்வளவே.

இந்தத் தூரம் சிறிது சிறிதாக அழிந்தது. கணிப்பொறிகளுக்கிடையே மின்னஞ்சல் 1971இல் அனுப்பப்பட்டது. 1999இல் மின்னஞ்சலை உள்ளங்கையில் படிக்கும் பிளாக்பெர்ரி கருவி விற்பனைக்கு வந்தது. 2007இல் ஐஃபோன் வந்தபின் ஸ்மார்ட்போன் உலகெங்கும் பரவியது. பணி மாறியதும் இதற்குத் துணையாயிற்று. பொருளைச் செய்வோர் குறைந்து, செய்தியைக் கையாள்வோர் பெருகினர். செய்தியைக் கையாள்பவரின் இயந்திரம் அவருடைய மூளைதான். அதை அவர் எங்கும் தூக்கிச் செல்கிறார். அந்த இயந்திரத்தோடு அலுவலகத்தை இணைக்கும் கம்பியும் இப்போது சட்டைப் பையில் இருக்கிறது.

வேலையை விட்டு மனம் விலகுவது

விடுமுறை உண்மையில் நன்மை செய்கிறதா என்பதைச் சோதிக்க, இஸ்ரேலிய ஆராய்ச்சியாளர் மினா வெஸ்ட்மனும் டோவ் ஈடனும் 76 எழுத்தர்களை ஆராய்ந்தனர். விடுமுறைக்கு முன் இரு முறையும், விடுமுறையில் ஒரு முறையும், திரும்பிய பின் இரு முறையும் அவர்களுடைய சோர்வு அளக்கப்பட்டது. 1997இல் வெளியான முடிவு இது: விடுமுறையில் சோர்வு தெளிவாகக் குறைந்தது, ஆனால் வேலைக்குத் திரும்பிய மூன்று வாரங்களுக்குள் பழைய அளவுக்கே ஏறிவிட்டது.

அடுத்த ஆண்டில் ஈடனும் வேறு இருவரும் வெளியிட்ட ஆய்வு மேலும் சுவையானது. அந்நாட்டில் வேலையில் இருப்போரும் அவ்வப்போது படைப் பயிற்சிக்கு அழைக்கப்படுவர். படைப் பயிற்சி ஓய்வு ஆகாது. உடலை வருத்தும் கடமை அது. ஆயினும் பயிற்சி முடித்துத் திரும்பியவர்களின் வேலைச் சோர்வு குறைந்திருந்தது. பயிற்சிக் காலத்தில் அலுவலகத்தைப் பற்றிய எண்ணம் எவருக்கு அறவே இல்லையோ, அவருக்குப் பயன் மிகுதியாக இருந்தது. மெத்தையில் படுத்திருப்பதால் மட்டும் ஓய்வு வந்துவிடுவதில்லை என்பதும், வேலையை விட்டு மனம் விலகுவதே அதன் சாரம் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. இதை ‘மன விலகல்’ எனலாம்.

ஜெர்மன் உளவியல் அறிஞர் சபீனா சொன்னன்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் என்பவருடன் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உழைத்தவர் மீண்டும் தெம்பு பெற நான்கு அனுபவங்கள் உதவுவதாக வகுத்தார். மனம் வேலையிலிருந்து விலகுவது ஒன்று. உடலும் உள்ளமும் தளர்ந்து இளைப்பாறுவது இரண்டு. வேலைக்குத் தொடர்பற்ற ஒன்றைக் கற்றுத் தேர்வது மூன்று. தன் பொழுதைத் தானே தீர்மானிப்பது நான்கு. குடும்பத்துடன் சுற்றுலா சென்ற இடத்திலும் மூன்று வேளையும் சமைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு இந்த நான்கில் எது கிடைக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், ஊர் மாறியதால் மட்டும் அவருக்கு விடுமுறை வந்துவிடவில்லை என்பது விளங்கும்.

மன விலகலுக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? ஆபத்தைக் கண்டால் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி தூண்டப்படுகிறது. அட்ரினலினும் கார்ட்டிசாலும் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. ஆபத்து நீங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஆனால் மனிதனின் எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்யப் புலி நேரில் வர வேண்டியதில்லை. புலியைப் பற்றிய நினைவே போதும். நடந்ததை நினைத்து மறுகுவதும் வரப்போவதை எண்ணிக் கவலைப்படுவதும் இந்த உடல் மாறுதல்களை நீட்டித்து வைக்கின்றன என்பதை ப்ரோஸ்ஹாட்டும் அவர் குழுவினரும் 2006இல் எடுத்துக் காட்டினர். கடற்கரையில் அமர்ந்து மேலதிகாரியின் மின்னஞ்சலைப் படிப்பவர் ஐந்து நிமிடம்தான் வேலை செய்கிறார். அவருடைய சுரப்பிகளோ அன்று மாலை முழுவதும் அலுவலகத்தில் இருக்கக்கூடும்.

மன விலகல் என்றால் மூளையை அணைத்துவிடுவதன்று. உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. குறிப்பிட்ட வேலை எதுவும் செய்யாமல் இருக்கும்போதும் இச்செலவு அதிகம் குறைவதில்லை. வெளிவேலை நின்றவுடன் மூளையின் சில பகுதிகள் கூடுதலாக இயங்குவதை மார்கஸ் ரெய்க்ல் குழுவினர் 2001இல் விளக்கினர். பழைய நினைவுகளை அசைபோடுவதும் எதிர்காலத்தைக் கற்பனை செய்வதும் இப்பகுதிகளோடு தொடர்புடையவை. சும்மா இருக்கும் மனம் உண்மையில் சும்மா இருப்பதில்லை.

அமெரிக்காவில் இதய நோய் வரும் வாய்ப்பு மிகுந்த 12,338 நடுவயது ஆடவர்களை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2000இல் வெளியாயிற்று. ஆண்டுதோறும் விடுமுறை எடுத்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்ததை அது காட்டியது. விடுமுறைதான் அவர்களைக் காத்தது என்று இதைக்கொண்டு முடிவு கட்டிவிட முடியாது. உடல்நலமும் வசதியும் உள்ளவர்களே மிகுதியாக விடுமுறை செல்கிறார்கள் என்பதும் காரணமாகலாம். வருமானம் போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் தொடர்பு மறையவில்லை என்பதால், இது புறக்கணிக்கத் தக்கதும் அன்று.

தொடர்பறுக்கும் உரிமை

மீண்டும் பிரான்சுக்குச் செல்வோம். 2001இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், வீட்டில் வேலை செய்யவோ கோப்புகளை வீட்டுக்குக் கொண்டு செல்லவோ ஊழியரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. 2004இல் அதே நீதிமன்றத்தின் முன் ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் வழக்கு வந்தது. வேலை நேரத்திற்கு வெளியே தம் சொந்தச் செல்பேசியில் வந்த அழைப்பை ஏற்கவில்லை என்பதற்காக அவர் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தார். அது குற்றமாகாது என்றது நீதிமன்றம்.

நிறுவனங்களிலும் சில சோதனைகள் நடந்தன. ஜெர்மனியின் வோல்க்ஸ்வேகன் நிறுவனம் 2011இல், ஊழியர் ஒரு பகுதியினருக்கு வேலை முடிந்த அரை மணி நேரத்தில் அலுவலகக் கைக்கருவிக்கு மின்னஞ்சல் செல்வதை நிறுத்திவிட்டு, மறுநாள் வேலைக்கு அரை மணி முன்னர் மீண்டும் தொடங்கும்படி தன் செர்வரை அமைத்தது. டெய்ம்லர் நிறுவனம் 2014இல் இன்னும் ஒரு படி சென்றது. விடுமுறையில் இருப்பவர் விரும்பினால், அவருக்கு வரும் மின்னஞ்சல் தானாகவே அழிக்கப்படும். அனுப்பியவருக்கு, யாரை அணுகலாம் என்ற பதில் செல்லும். திரும்பி வருபவரை நூற்றுக்கணக்கான கடிதங்கள் எதிர்கொள்வதில்லை. விடுமுறையின் பயனைக் கரைப்பவற்றில் இந்தக் குவியலும் ஒன்று என்பதை எண்ணினால் இந்த ஏற்பாட்டின் நுட்பம் புரியும்.

பிரெஞ்சுச் சட்டம் 2016 ஆகஸ்டு 8இல் பிறப்பிக்கப்பட்டு 2017 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. 50 பேருக்குக் குறையாமல் பணி புரியும் நிறுவனங்கள் இது பற்றித் தொழிலாளர் தரப்புடன் பேசி விதிமுறை வகுக்க வேண்டும். உடன்பாடு எட்டாவிட்டால் நிர்வாகமே ஒரு சாசனம் வெளியிட வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் பிரான்சில் மின்னஞ்சல் அனுப்பவே தடை என்று அதற்கு முன்பே வெளிநாட்டுப் பத்திரிகைகள் சில எழுதின. அப்படி ஒரு தடை என்றும் இருந்ததில்லை. இச்சட்டம் குறிப்பிட்ட நேரம் எதையும் விதிக்கவில்லை. சாசனம் வெளியிடாத நிறுவனத்திற்குத் தனித் தண்டனையும் கூறவில்லை. இது அதன் குறை என்பார் உண்டு. மருத்துவமனைக்கும் மென்பொருள் நிறுவனத்திற்கும் ஒரே கடிகாரம் பொருந்தாது என்பது மறுதரப்பு.

போர்ச்சுகல் 2021இல் சுமையை மறுபக்கம் மாற்றியது. ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்பு கொள்ளாமல் இருப்பது முதலாளியின் கடமை என்றது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு 26 முதல், காரணமின்றி நேரம் கெட்ட நேரத்தில் வரும் அழைப்புகளைப் பொருட்படுத்தாமல் இருக்க ஊழியருக்கு உரிமை வந்தது. இந்தியாவில் 2018 டிசம்பரில் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே தனிநபர் மசோதா ஒன்றை அறிமுகப்படுத்தினார்; அது சட்டமாகவில்லை.

எஞ்சிய பாடம்

சட்டம் கதவைத் திறந்து வைக்கும். நடக்க வேண்டியது நாம்தான். 1936இல் கூலியுடன் விடுப்புப் பெற்ற தொழிலாளி அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது போலவே, இன்று செல்பேசியை அணைக்கும் உரிமை பெற்றவரும் மனத்தை விலக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆராய்ச்சிகள் சில வழிகளைக் காட்டுகின்றன.

பாதியில் விட்ட வேலை மனத்தை அரித்துக்கொண்டேயிருக்கும். 1920களில் பெர்லினில் குர்ட் லெவினின் மாணவிகளான செய்கார்னிக், ஒவ்ஸியான்கினா இருவரும் இதை ஆராய்ந்தனர். அரைகுறை வேலைகளே நினைவில் நன்கு நிற்கின்றன என்ற செய்கார்னிக்கின் முடிவு பிந்திய ஆய்வுகளில் எப்போதும் உறுதிப்படவில்லை. அவ்வேலையை மீண்டும் தொடத் துடிக்கும் இயல்பு பற்றி ஒவ்ஸியான்கினா கண்டது நிலைத்து நிற்கிறது. வேலையை முடிக்காமலே இந்தத் தொல்லையைத் தணிக்க முடியும் என்பதை மசிகாம்போவும் பௌமெய்ஸ்டரும் 2011இல் காட்டினர். அவ்வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் ஒன்றை வகுத்துக்கொண்டாலே மனம் பெரிதும் அமைதி அடைகிறது. ஆகவே விடுமுறைக்கு முந்திய நாள், எஞ்சிய வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பி வந்து என்று தொடங்குவது என்று குறித்து, அத்தாளை மேசையிலேயே வைத்துவிட்டுப் புறப்படுவது நல்லது. தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கும் இது பொருந்தும்.

விடுமுறையின் முதல் நாளே மனம் தெளிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நீண்ட விடுமுறை சென்ற 54 பேரை நெதர்லாந்தில் ஆராய்ந்தபோது, அவர்களுடைய மனநலம் படிப்படியாக உயர்ந்து எட்டாம் நாளில் உச்சத்தை அடைந்ததை யெசிக்கா டி ப்ளூம் குழுவினர் கண்டனர். வேலைக்குத் திரும்பிய ஒரு வாரத்திற்குள் அது பழைய நிலைக்கு இறங்கியதையும் அவர்கள் கண்டனர். ஆண்டுக்கு ஒரு முறை வயிறார உண்டுவிட்டு மற்ற நாட்களில் பட்டினி கிடக்க முடியாது. ஓய்வும் அப்படித்தான். ஆண்டு விடுமுறையோடு ஒவ்வொரு நாள் மாலையும், ஒவ்வொரு வார இறுதியும் நமக்கு உரியவையாக இருக்க வேண்டும். 15 முறையோடு நிறுத்திய மாஜோராவின் விரல் அரை மணி நேரத்தில் தேறியதை இங்கே நினைவுகூரலாம்.

சட்டத்தின் விடுப்பு இன்னும் எட்டாத கோடிக்கணக்கானோர் உலகில் இருக்கின்றனர். தினக்கூலிக்குச் செல்பவரும், வீட்டு வேலை செய்பவரும், செல்பேசிச் செயலி இடும் கட்டளைக்கு ஏற்பப் பொட்டலம் சுமப்பவரும் ஓய்வெடுத்தால் அன்றைய வருமானம் போய்விடுகிறது. அவர்களைப் பொறுத்தவரை 1936ஆம் ஆண்டுக் கோடை இனிமேல்தான் வர வேண்டும். செல்பேசியை எப்போது அணைப்பது என்று நாம் யோசிக்கும்போது, நம் விடுமுறை நாளிலும் நமக்காக உழைத்துக்கொண்டிருக்கும் அவர்களுடைய ஓய்வைப் பற்றியும் யோசிப்போமாக.